பழைய வீட்டுத் தோட்டத்தில் ஏழு மரங்கள், இலையை வைத்துப் பெயர் சொல்ல முடியுமா?

கொள்ளிடக்கரை – ஆகஸ்ட் 9

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பெரியப்பா வீடு இப்போது எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. நாலைந்து வருடம் பூட்டிக் கிடந்த வீடு. பெரியப்பாவுக்கு மரம் வைப்பதென்றால் உயிர், ஆனால் எதற்கும் பெயர் எழுதி வைக்கவில்லை. பெரியம்மாவைக் கேட்டால் எல்லாமே "உங்க பெரியப்பா வச்ச மரம்" தான். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு இரண்டு மரத்தை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். என்ன மரம் என்று தெரியாமல் அரிவாளை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன், இப்போது எதிலும் பூ இல்லை.

1. மதில் ஓரமாக வரிசையாக அசோகா மரங்கள், ஒல்லியாக, உயரமாக.
2. கிணற்றடியில் முருங்கை போலப் பொடி இலை உள்ள பெரிய மரம்.
3. அதற்குப் பத்தடி தள்ளி இன்னொன்று, அதேபோலப் பொடி இலை. இரண்டும் குல்மோகர் என்று நினைத்தேன், ஆனால் ஒன்று மஞ்சளாகப் பூத்ததாகப் பெரியம்மா சொல்கிறார்.
4. ஒரே இடத்தில் ஏழு இலை, குடை விரித்த மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் இலவம் என்கிறார்.
5. தடித்த இலை, கொம்பு கொம்பாகக் கிளை, ஒடித்தால் பால்.
6. இலை நடுவில் பிளந்து மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கிறது.
7. பின்சுவரை ஒட்டி இதய வடிவ இலை. கொத்தனார் இது அரசு, வேர் சுவரைப் பிளந்துவிடும், எடுக்கணும், ஆனா அரச மரத்தை நான் வெட்டமாட்டேன், வேறு ஆளைப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எடுக்கச் சொன்ன இன்னொன்று 4.

கைபேசிச் செயலியில் 3ஐப் படம் எடுத்துப் போட்டேன், ஜகரண்டா என்றது. மறுநாள் அதே மரத்தை வேறு பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டால் வாகை என்கிறது.


வெயில்மாடி – ஆகஸ்ட் 9

1 அசோகா இல்லை. நெட்டிலிங்கம். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இதைத்தான் அசோகா என்கிறோம், நர்சரிக்காரர்கள் உட்பட. எனக்கு இதில் சொந்த வருத்தமே உண்டு. அம்மா ஆசைப்பட்டார் என்று ஒரு நர்சரியில் "அசோக மரக் கன்று, சீதை இருந்த வனத்து மரம்" என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்து வைத்தேன். ஏழு வருடம் அந்த ஆரஞ்சுப் பூவுக்காகக் காத்திருந்தோம். வந்தது பச்சை நட்சத்திரம் மாதிரிச் சின்னப் பூ, இலையோடு இலையாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரும் அசோகா என்று விற்றால் முதலில் இலையைப் பாருங்கள்.


பச்சைப்பலகை – ஆகஸ்ட் 10

தம்பி, நான் முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். ஏழுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம், இது பிடிபட்டால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். எது ஒரு இலை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான், நீங்கள் "பொடி இலை", "ஏழு இலை" என்று எழுதியிருப்பதும் இதனால்தான்.

அடுப்படிக்குப் போய் ஒரு இணுக்கு கறிவேப்பிலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இணுக்கு முழுவதும் சேர்ந்துதான் ஒரு இலை. நாம் உருவி எண்ணெயில் போடுகிறோமே, அவை சிற்றிலைகள். எப்படித் தெரியும் என்றால், இணுக்கு கிளையோடு சேரும் இடத்தில், அந்தக் கக்கத்தில், கடுகளவுக்கு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். அதற்குக் கோண மொட்டு என்று பெயர், நாளைக்கு அதுதான் புதுக்கிளையாகும். சிற்றிலை ஈர்க்கில் ஒட்டியிருக்கும் இடத்தில் அந்த மொட்டு இருக்காது. மொட்டு எங்கே இருக்கிறதோ, அதற்கு வெளியே இருப்பது எல்லாம் ஒரே இலை. முருங்கை ஈர்க்கும் அப்படித்தான், நாம் ரசம் வைக்கிற அந்த ஈர்க்கு இலையின் நடுக்காம்பு.

இப்போது அசோகத்துக்கு வாருங்கள். நெட்டிலிங்கத்தில் ஒவ்வொரு இலையும் தனி இலை, விளிம்பு அலை அலையாக நெளிந்திருக்கும், அடியில் ஒரு மொட்டு இருக்கும். உண்மையான அசோகத்தில் கூட்டிலை, ஒரு காம்பில் இரண்டிரண்டாக மூன்று முதல் ஆறு ஜோடி வரை நீளமான சிற்றிலைகள், நுனியில் ஒற்றைச் சிற்றிலை கிடையாது. தளிர் விடும்போது பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள், செம்பு நிறத்தில், நனைந்த துணியைக் கொடியில் போட்ட மாதிரி தொங்கும், பிறகு மெதுவாகப் பச்சையாகி நிமிரும். பூக்கொத்து பழைய கிளையிலும் தண்டிலும் கூட வரும், மஞ்சளாக விரிந்து ஆரஞ்சாகிச் சிவக்கும்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. அசோகப் பட்டை ஆயுர்வேதத்தில் பெண்களுக்கான மருந்துகளில் சேர்க்கிறார்கள், அதில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்படம் செய்வது பல காலமாக நடக்கிறது. பட்டைக்காக வெட்டி வெட்டி அசோகம் காடுகளில் அருகிவிட்டது, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அழிவாய்ப்புள்ள இனம்.


நாற்றங்கால் – ஆகஸ்ட் 10

நான் நர்சரித் தொழில் செய்கிறவன், இருபது வருடம் ஆகிறது. வெயில்மாடி சொன்னதில் நியாயம் இருக்கிறது, எங்கள் தொழிலில் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. கேட்கிறவர் அசோகா என்று கேட்பார், அவர் மனதில் இருப்பது காம்பவுண்டு ஓர மரம், நாங்களும் அதையே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். நான் இப்போது போர்டில் நெட்டிலிங்கம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்று சேர்க்கிறேன். நெட்டிலிங்கத்தில் கிளை தொங்கி ஊசி மாதிரி போகிற ரகமும், கிளை விரிந்து நிழல் தருகிற ரகமும் உண்டு. இரண்டும் வேறு மரம் என்று நினைத்துக் கேட்பவர்கள் நிறைய. இனம் ஒன்றுதான், இலையைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம், இது சீத்தாப்பழக் குடும்பம். கறுப்பு இறக்கையில் இளம்பச்சைப் புள்ளி வைத்த வண்ணத்துப்பூச்சி நெட்டிலிங்கம், சீத்தா இரண்டு மரத்து இலையிலும் முட்டை வைக்கும். புழு இலையைக் கடித்திருந்தால் மருந்தடிக்க வேண்டாம்.


மாமரத்துநிழல் – ஆகஸ்ட் 10

2, 3 இரண்டும் தூங்குமூஞ்சி மரமாக இருக்கலாம். சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள், இலை மடங்கினால் அதுதான்.


பச்சைப்பலகை – ஆகஸ்ட் 11

அந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், குல்மோகரின் சிற்றிலையும் இரவில் மடங்கும். தூங்குமூஞ்சிக்குச் சிற்றிலை பொடியாக இருக்காது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும், காம்பின் நுனிக்குப் போகப் போகப் பெரிதாகும், ஒவ்வொன்றும் நடுநரம்பு ஒரு பக்கம் ஒதுங்கிச் சாய்வாக இருக்கும். காய் ஒட்டும், இனிக்கும், ஆடு மாடு தேடி வந்து தின்னும். வாகையின் காயோ வைக்கோல் நிறத்தில் காய்ந்து காற்றில் சலசலக்கும். இரண்டு மரத்திலும் இலைக்காம்பில் சின்ன மரு மாதிரி சுரப்பி இருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். குல்மோகர் காம்பில் அது இல்லை.

இருமடிச் சிறகு இலை, அதாவது நடுக்காம்பிலிருந்து கிளைக்காம்பு, அதில் சிற்றிலை, இந்த அமைப்பில் நம் ஊர்த் தோட்டங்களில் நாலைந்து மரங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். செயலி குழம்புவதில் ஆச்சரியம் இல்லை, நாற்பதடி உயரத்தில் இருக்கும் தழையைப் படம் எடுத்தால் எனக்குமே சொல்ல முடியாது. அதனால் தம்பி, ஒரு சின்னக் கிளையை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், மொட்டின் இரு பக்கமும், இறகு போலப் பிரிந்த குட்டி இலை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறதா? இலையடிச் செதில் என்போம். குல்மோகரில் அந்தச் செதிலே சிறகு போலப் பிரிந்திருக்கும். இளம் இலைகளில் பாருங்கள், முற்றியதில் உதிர்ந்திருக்கும்.

இளந்தண்டும் மொட்டும் துருப்பிடித்த இரும்பு நிறத்தில், வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா? இருந்தால் இயல்வாகை. பெருங்கொன்றை என்றும் சிலர் சொல்வார்கள். மஞ்சள் பூ அதற்குத்தான். சிற்றிலையும் குல்மோகரைவிடச் சற்றுப் பெரிது, கரும்பச்சை.

இலைகள் கிளையில் நேருக்கு நேர் இரண்டாக வருகின்றனவா, மாறி மாறி ஒவ்வொன்றாக வருகின்றனவா? ஜகரண்டாவுக்கு நேருக்கு நேர். குல்மோகர், இயல்வாகை, வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் மாறி மாறி. இந்த ஒன்றைப் பார்த்தாலே செயலி சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். மரமல்லியும் நேருக்கு நேர்தான், அதுவும் ஜகரண்டாவும் ஒரே குடும்பம்.

பிறகு மரத்தடியில் குனியுங்கள். மேலே அண்ணாந்து பார்ப்பதைவிடக் கீழே கிடக்கும் காய் அதிகம் சொல்லும். குல்மோகர் காய் வாள் மாதிரி, அரை மீட்டருக்கும் மேலே நீளும், கட்டை போலக் கடினம். இயல்வாகைக்கு விரல் நீளத்துக்குத் தட்டையான செம்பு நிறக் காய், கொத்தாக. ஜகரண்டாவுக்கு வட்டத் தட்டு, இரண்டாகத் திறக்கும்.


மழைக்குருவி – ஆகஸ்ட் 11

வணக்கம், நான் கண்டியிலிருந்து. பெயரை மட்டும் நம்பினால் எப்படி ஏமாறலாம் என்பதற்கு எங்கட பக்கமும் ஒரு கதை இருக்கு. இங்கே விகாரைகளில் நாகலிங்க மரத்தைத்தான் சால மரம் என்று வணங்குகிறார்கள், புத்தர் பிறந்ததும் பரிநிர்வாணம் அடைந்ததும் சால மரத்தடியில் என்பதால். ஆனால் அந்தச் சால மரம் வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வளர்கிற வேறு மரம், நாகலிங்கம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பேராதனைப் பூங்காவில் 1901இல் பிற்கால ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்ட நாகலிங்கம் இன்னும் நிற்கிறது, பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே நாகலிங்கத்தையும் நாகமரத்தையும் குழப்புகிறவர்கள் வேறு. நாகமரம்தான் எங்கள் தேசிய மரம். அதன் இலை ஒடுக்கமாக, நேருக்கு நேர், அடிப்பக்கம் வெளிறி இருக்கும், தளிர் சிவப்பு. நாகலிங்கத்துக்கு இலை பெரிசு, கிளை நுனியில் கொத்தாக, பூ தண்டிலேயே வரும். இலையைப் பார்த்தால் குழப்பமே வராது.


கொள்ளிடக்கரை – ஆகஸ்ட் 15

டீச்சர், ரொம்ப நன்றி. இன்று விடுமுறை, காலையிலேயே போய்விட்டேன். பையனையும் கூட்டிப் போனேன், ஒன்பது வயது. வீட்டிலிருந்து ஒரு இணுக்கு கறிவேப்பிலையும் கையில் எடுத்துப் போனோம்.

2: இளங்கிளையில் மொட்டின் இரு பக்கமும் குட்டி இறகு இருக்கிறது, பையன்தான் முதலில் பார்த்தான். கீழே கறுப்பாக நீளக் காய், அளந்தோம், 52 சென்டிமீட்டர். குல்மோகர்.

3: இலை மாறி மாறி. அதனால் ஜகரண்டா இல்லை. காம்பில் மரு தட்டுப்படவில்லை, அதனால் வாகையும் இல்லை. இளந்தண்டைத் தடவினால் பழுப்பு வெல்வெட், விரலில் பொடி ஒட்டியது. தரையில் செம்பு நிறத் தட்டைக் காய் நிறைய. பெரியம்மா சொன்ன மஞ்சள் பூவும் பொருந்துகிறது, இயல்வாகைதானே? பத்து வருடமாகப் பார்த்த மரம், இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

4 தான் குழப்பம். ஏழும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மொட்டு தேடினேன், கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஒடித்தேன், பால் வந்தது.


பச்சைப்பலகை – ஆகஸ்ட் 15

பால் வந்ததுமே இலவம் இல்லை என்று ஆகிவிட்டது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பையன் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் 5ஆம் மரமும் இதுவும் அரளிக் குடும்பம், அந்தப் பால் எரிச்சல் தரும். பால் சோதனை செய்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது, அரளியும் பொன்னரளியும் உயிருக்கே ஆபத்து. இலையை வைத்து அந்த இரண்டையும் பிரிப்பது சுலபம், அரளியில் ஒரு கணுவுக்கு மூன்று மூன்றாக வரும், பொன்னரளியில் ஒவ்வொன்றாகச் சுற்றி ஏறும்.

4 ஏழிலைப்பாலை. இலவத்தோடு குழப்புவது சகஜம், இரண்டிலும் கை விரித்த மாதிரி ஏழு. ஆனால் இலவத்தில் அது ஒரே இலை. நீளமான ஒரு காம்பு, அதன் நுனியில் ஐந்திலிருந்து ஒன்பது சிற்றிலை, மொட்டு அந்தக் காம்பின் அடியில். காய்ந்தால் முழுக் கையும் விழும். ஏழிலைப்பாலையில் ஏழும் ஏழு தனி இலைகள், ஒரே கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன, பொதுக்காம்பு கிடையாது. ஒரு இலையை மெதுவாகப் பிய்த்தால் அது மட்டும் வரும், கிளையில் தனித் தழும்பு இருக்கும். இன்னும் இரண்டு பிய்த்தால் கணுவைச் சுற்றித் தழும்புகள் மாலை மாதிரி தெரியும். மொட்டு மிகச் சின்னதாக ஒளிந்திருக்கும், தழும்பு போதும்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பலகை செய்ததால் பலகை மரம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஏழு என்பதும் சும்மா ஒரு கணக்குதான், நாலிலிருந்து பத்து வரை வரும்.


நாற்றங்கால் – ஆகஸ்ட் 16

4ஐப் பற்றித் தொழில்காரனாக ஒரு வார்த்தை. ஏழிலைப்பாலை அக்டோபர் கடைசியில் பூக்கும், ராத்திரி வாசனை ரொம்பப் பலமாக இருக்கும், சிலருக்குத் தலைவலி வரும். படுக்கையறை ஜன்னல் பக்கம் என்றால் யோசியுங்கள், இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். பெரிசாகும் மரம், சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள்.

5 ஈழத்தலரி, கோயில்களில் நிற்குமே, அது. இலை நுனி கூராக இருந்து, குளிர்காலத்தில் மொட்டையாக நின்றால் சிவப்பு, மஞ்சள், ரோஸ் என்று நிறம் பூக்கிற இனம். நுனி மழுங்கி உருண்டையாக, இலை பளபளப்பாக, வருடம் முழுக்க இலை இருந்தால் வெள்ளை மட்டும் பூக்கிற இனம். இரண்டிலும் பக்க நரம்புகள் விளிம்பு வரை போகாமல், கொஞ்சம் உள்ளேயே ஒரு கோட்டில் சேர்ந்துவிடும், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், துணிக்குக் கரை போட்ட மாதிரி தெரியும். நாகப்பாம்பு படம் எடுத்த மாதிரி இலை இருக்கிற இன்னொரு இனமும் இப்போது எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வைக்கிறார்கள்.


வெயில்மாடி – ஆகஸ்ட் 16

7ஐ யாரும் தொடவில்லையே. வெட்டச் சொன்ன மரம் அதுதானே. என் சந்தேகம், அது பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊத முடிகிறதா பாருங்கள்.


பச்சைப்பலகை – ஆகஸ்ட் 16

பீப்பியும் ஊதட்டும், கூடவே இதையும் பார்க்கட்டும். அரச இலைக்கு நுனியில் நீண்ட வால் உண்டு, காம்பு நீளம் என்பதால் காற்றே இல்லாதபோதும் ஆடும், கிள்ளினால் பால் வரும். கிளையில் ஒவ்வொரு இலைக்கும் மேலே ஒரு வளையத் தழும்பு ஓடும், தளிரை மூடியிருந்த உறை விழுந்த அடையாளம் அது. ஆல், அத்தி, அரசு எல்லாவற்றுக்கும் அந்த வளையம் பொது. பூவரசில் வால் குட்டை, பால் இல்லை, வளையம் இல்லை. கிளையை ஒடித்தால் பட்டை நாராக உரியும், வெண்டை, பருத்தி குடும்பமில்லையா. பூ காலையில் மஞ்சள், சாயங்காலம் சிவந்துவிடும். பிஞ்சுக்காயைக் கீறினால் மஞ்சள் பால் கசியும், அதைப் பார்த்து அரசு என்று நினைத்துவிடாதீர்கள்.


கொள்ளிடக்கரை – ஆகஸ்ட் 17

பால் வரவில்லை. வளையம் இல்லை. பட்டை நாராக வந்தது. தரையில் வாடிய பூ ஒன்று, கருஞ்சிவப்பில் கிடந்தது, மரத்தில் மஞ்சளாக இரண்டு. பூவரசு.

கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் ஒரு இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளிச் சுருட்டி, ஒரு ஓரத்தை நசுக்கி ஊதினார், சத்தம் வந்தது. ரொம்ப நேரம் மரத்தையே பார்த்தார். பிறகு அடிமரத்தைச் சுற்றித் தோண்டிப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் வந்த ஒரு கிளையை மட்டும் கழித்தால் போதும் என்றார். ஏழிலைப்பாலை சுவரிலிருந்து இருபத்திரண்டு அடி, அதையும் விட்டுவிட்டோம்.

மிச்சம் 6 மட்டும். குளம்பு இலை.


மாமரத்துநிழல் – ஆகஸ்ட் 17

மந்தாரை. ஓட்டலில் பொட்டலம் கட்டித் தருவார்களே, அந்த மந்தார இலை.


பச்சைப்பலகை – ஆகஸ்ட் 18

மந்தாரை சரி, ஆனால் எந்த மந்தாரை என்பதற்கு இலை மட்டும் போதாது, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சோழர் சூடிய ஆத்தியும் இதே இலை அமைப்புதான், ஆனால் இலை உள்ளங்கையைவிடச் சிறிது. பெரிய இலையில் இரண்டு இனங்கள் அதிகம். ஒன்றில் பிளவு இலையின் பாதி வரைகூட இறங்கும், இன்னொன்றில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும், ஆனால் ஒரே மரத்தில் இரண்டு மாதிரியும் பார்த்திருக்கிறேன்.

பூக்கும் வரை பொறுங்கள். மழைக்காலத்தில், இலை இருக்கும்போதே பூத்து, இதழ் ஒடுங்கி, மகரந்தத்தாள் மூன்று இருந்தால் ஊதா மந்தாரை. மாசி பங்குனியில், இலை கொட்டிய மரத்தில் பூத்து, இதழ் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தாள் ஐந்து இருந்தால் செம்மந்தாரை. நுனியில் மகரந்தப்பை உள்ள நீளத் தாள்களை மட்டும் எண்ணுங்கள். நடுவில் பச்சையாக வளைந்து நிற்பது சூலகம், அதைச் சேர்க்கக் கூடாது, என் மாணவர்கள் எல்லோரும் அங்கேதான் ஒன்று கூட்டிச் சொல்வார்கள்.

பூ வந்ததும் இலை, கிளை, காய், பட்டை எல்லாம் தனித்தனியாகப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வையுங்கள், அளவு தெரியும். பூவோடு ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் அடுக்கி, ஒரு வாரம் தாளை மாற்றி மாற்றி உலர்த்தினால் பல வருடம் இருக்கும். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் உலர்தாவரத் தொகுப்பில் நூறு வருடத்துக்கும் முந்தைய இலைகள் இப்படித்தான் இருக்கின்றன.


கொள்ளிடக்கரை – நவம்பர் 2

டீச்சர், மந்தாரை பூத்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே இரண்டு பூ பறித்தோம். இலை முழுக்க இருக்கிறது மரத்தில். இதழ் ஒடுக்கம், ஊதா. பையன் எண்ணி நாலு என்றான், பச்சையை விட்டுவிட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். மூன்று.

ஏழிலைப்பாலையும் பூத்திருக்கிறது, தெருமுனையிலேயே வாசனை தெரிகிறது. பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், தலைவலி எதுவும் இல்லையாம். செய்தித்தாளில் வைத்த கிளைகளுக்குப் பக்கத்தில் பையன் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறான், ஒவ்வொன்றுக்கும் கீழே "பெரிய தாத்தா வைத்தது" என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார்.